பொறுப்பண்ணன் சொன்ன சாட்சி

வீட்டுச் சாமான் கடையில் விற்பனையாளராக இருக்கும் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லோருக்கும் அவர் பொறுப்பண்ணன். மின்விசிறியோ, மிக்ஸியோ, எதை விற்றாலும் கடைசியில் அதை ஒரு தட்டுத் தட்டி, "தைரியமா எடுத்துட்டுப் போங்க, இதுக்கு நான் பொறுப்பு" என்பார்.

மற்றவர்கள் சொன்னால் அது வாய்ப்பேச்சு. இவர் சொன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு என்று அர்த்தம். சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு வாங்கியவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்துவிடுவார். பைசா வாங்க மாட்டார்.

"ஊர்ல உள்ள மிக்ஸியெல்லாம் ஓடுது, நம்ம வீட்டு மிக்ஸி மட்டும் மூலையில கிடக்குது" என்று மனைவி இடித்துக் காட்டுவாள்.

"அது நம்ம வீட்டுதுதானே, எங்க போயிடப் போகுது?" என்பார். இப்படிப்பட்ட மனிதரோடு யார் சண்டை போடுவது? அவளும் போட்டதில்லை.

கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்கும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.' ஸ்டூல் போட்டு ஏறி அதை மாட்டியதே பொறுப்பண்ணன்தான். முதலாளி மாட்டச் சொன்னார், மாட்டினார். அது ஏதோ அரசாங்கச் சட்டம் என்றே நம்பியிருந்தார். திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை, ஆகவே நாமே போய்ச் சரிசெய்து கொடுப்போம் என்று நினைத்துக்கொண்டார். நல்ல மனசு போட்ட தப்புக் கணக்கு, வேறென்ன சொல்ல!

வீட்டுச் சமையலறையிலேயே கேக் செய்து விற்கும் பெண் ஒருத்தி அவரிடம் ஃப்ரிட்ஜ் வாங்கினாள். க்ரீம் உருகாமல் இருந்தால்தான் அவளுக்குப் பிழைப்பு.

"அண்ணே, க்ரீம் நிக்குமா?"

"கல்லு மாதிரி நிக்கும்மா. நான் பொறுப்பு."

நிற்கவில்லை. வந்த வாரமே க்ரீம் தண்ணீராக ஓடியது. பொறுப்பண்ணன் போனார், பின்பக்கத்தைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். அடுத்த ஞாயிறும் போனார், அதற்கடுத்த ஞாயிறும் போனார். கம்ப்ரஸரே கோளாறு, அது ஸ்க்ரூடிரைவருக்கு அடங்குகிற வியாதி இல்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனிதருக்கு மனம் வரவில்லை. பிறகு ஒருநாள் அந்தப் பெண்ணே, "இப்ப நல்லா ஓடுதுண்ணே, இனிமே நீங்க அலைய வேண்டாம்" என்றாள். பொறுப்பண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கைராசியைப் பற்றி மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

ஒரு மாலை, அந்தப் பெண்ணின் தெருவில் ஒரு வீட்டுக்கு மின்விசிறி கொண்டுபோய்க் கொடுத்தவர், ஃப்ரிட்ஜை ஒரு நடை பார்த்துவிட்டுப் போகலாமென்று அவள் வீட்டுக்குள் நுழைந்தார். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தார். விளக்கு எரிந்தது. உள்ளே மாவு மூட்டை, அட்டைப்பெட்டிகள், தட்டுகள். க்ரீம் கிண்ணமோ தரையில், தெர்மோகோல் பெட்டிக்குள், கடையில் வாங்கிய ஐஸ்கட்டிகளுக்கு நடுவே இருந்தது.

"என்னம்மா இது?"

"அலமாரிக்கு ஆச்சுண்ணே. எறும்பு வராது பாருங்க" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "வாரா வாரம் வந்து வேர்க்க விறுவிறுக்க அதோட மல்லுக்கட்டுனீங்க. போறப்ப உங்க மூஞ்சியப் பாக்க முடியலண்ணே. அதான் ஓடுதுன்னு சொல்லிட்டேன்."

"கடைக்கு வந்து புகார் சொல்லியிருக்கலாமில்ல?"

"கடைன்னா நீங்கதானேண்ணே. உங்க மேல நான் எப்படிப் புகார் சொல்லுவேன்?"

உதவி செய்கிறோம், உதவி செய்கிறோம் என்று போய், இந்தப் பெண்ணின் வாயையல்லவா கட்டிப் போட்டிருக்கிறோம் என்று பொறுப்பண்ணன் துடித்துப் போனார்.

நேரே முதலாளியிடம் போய், ஃப்ரிட்ஜை மாற்றிக் கொடுக்கச் சொன்னார். முதலாளி கெட்டவர் இல்லை. கைக்கு வந்ததைத் திருப்பித் தர மனம் வராதவர், அவ்வளவுதான். கல்லாவுக்கு மேலே இருந்த பலகையைக் கைகாட்டினார்.

அதற்குப் பிறகு பொறுப்பண்ணன் செய்ததை எந்தக் கடை ஆளும் செய்ய மாட்டான். அரைநாள் லீவு போட்டு, அந்தப் பெண்ணையும் இழுத்துக்கொண்டு, நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போனார். புகார் வாங்கும் அம்மாளிடம் முதலில் பலகை விஷயத்தைத்தான் கேட்டார்.

"பலகையில என்ன வேணா எழுதிக்கலாங்க. அதுக்காகச் சட்டம் இல்லாமப் போயிடுமா?" என்றாள் அந்த அம்மாள். "கோளாறான பொருளை வித்தா சரிபண்ணித் தரணும். முடியலன்னா மாத்தித் தரணும், இல்ல பணத்தைத் திருப்பணும். கடையில நின்னு வாயால கொடுத்த வாக்குக்கும் கடைதான் பதில் சொல்லணும். வாக்குக் கொடுத்தது யாரு?"

"நான்தாம்மா."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க புகார் கொடுக்க வந்தவரா, புகாருக்கு ஆளானவரா?"

"ரெண்டும்தாம்மா."

விஷயம் கடைக்குத் தெரிந்தது. "தீர்ப்பு வர்ற அன்னைக்கே உன் கணக்கை முடிச்சுக்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். இதைக் கேட்ட மனைவி, "போனாப் போகுது. அந்தப் பொண்ணு எத்தனை நாளைக்கு ஐஸ் வாங்கும்?" என்று மட்டும் சொன்னாள். விசாரணைக்குப் போட்டுக்கொண்டு போகச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். அன்றைக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவருக்கு.

மன்றம் என்றால் ஏதோ பெரிய கூடம் என்று நினைத்திருந்தார். சின்ன அறை, நீள மேசை, கால் ஆடும் நாற்காலிகள். நடுவில் மன்றத்தின் தலைவர். எதிரே வக்கீலோடு வந்திருந்த முதலாளி பொறுப்பண்ணனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துபோகும். கேக் விற்கும் பெண் அந்தப் பார்வையைக் கவனித்துவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

"ஃப்ரிட்ஜ்ல என்னம்மா கோளாறு?" என்றார் தலைவர்.

"ஒரு கோளாறும் இல்லைங்க. நல்லாத்தான் ஓடுது. தெரியாமப் புகார் குடுத்துட்டேன்."

வக்கீல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பொறுப்பண்ணன் துள்ளி எழுந்தார்.

"ஐயா, இந்தப் பொண்ணு பொய் சொல்லுது! அது ஓடல!"

"ஓடுதுங்க!"

"ஓடலைங்கய்யா! அதுல மாவு மூட்டையை வெச்சிருக்கு!"

"என் ஃப்ரிட்ஜ். நான் மாவும் வெப்பேன், மண்ணும் வெப்பேன்!"

தலைவர் மேசையைத் தட்டினார். "வழக்கமா வித்தவர் நல்லா இருக்குன்னுவார், வாங்கினவங்க ஓடலைன்னுவாங்க. இப்படித் தலைகீழா ஒரு வழக்கை நான் பார்த்ததே இல்லை."

"எனக்கு வேலை போயிடும்னு பயப்படுதுங்கய்யா" என்றார் பொறுப்பண்ணன். "என் வேலை என் கவலை. க்ரீம் நிக்கும்னு சொல்லி வித்தது நான். நிக்கல. அதை நான் சொல்லாம வேற யாரு சொல்லுவாங்க?"

"அது அவர் சொந்தமாகக் கொடுத்த வாக்கு, கடை கொடுத்ததல்ல" என்று வக்கீல் எழுந்தார்.

"கடைக்குள்ள நின்னு, கடை பொருளைக் காட்டிச் சொன்னா, அது கடை சொன்னதுதான். உட்காருங்க" என்றார் தலைவர். ஒரு மெக்கானிக்கை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார்.

அடுத்த வாய்தாவில் மெக்கானிக் வந்து, கம்ப்ரஸர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். பொறுப்பண்ணன் ஒருவழியாக நிம்மதிப் பெருமூச்சு விட்டார். நாளையிலிருந்து வேலை தேட வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

தலைவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "பணத்தைத் திருப்பி வாங்கிக்கறீங்களா, வேற புது ஃப்ரிட்ஜ் வாங்கிக்கறீங்களா? இது உங்க இஷ்டம்மா. கடைக்காரங்க குறுக்க பேச முடியாது."

இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

"இந்த அண்ணன் கடையில இருப்பாருன்னா ஃப்ரிட்ஜ் குடுங்க. இருக்க மாட்டாருன்னா பணத்தை இப்பவே எண்ணி வைங்க."

வக்கீல் வாயெடுத்தார். முதலாளி அவரைக் கையமர்த்திவிட்டு, பொறுப்பண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லதாப் பார்த்து நீயே எடுத்துக் குடுத்து விடுய்யா" என்றார். "நாளைக்குக் கடையத் திறந்ததும்."