இரண்டாம் மாடி ஒப்பந்தம்

2009 இலையுதிர் காலத்தில் பாரிஸின் லா ஷப்பலில் அந்த இரண்டாம் மாடி வீட்டுக்குக் குடிபோனோம். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்கிற பெருந்தெருவிலிருந்து பிரிகிற சின்னத் தெருவொன்றில், மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம். கணவர் ரூ லூயி-பிளாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை செய்தார். அந்த வருடம் இலங்கையில் போர் முடிந்த விதத்துக்குப் பிறகு, எங்கள் ஆட்களில் யாருக்கும் புது வீடு பார்க்கிற மனம் இருக்கவில்லை. ஆனால் என் வயிற்றில் பிள்ளை இருந்தாள். கணவரின் நண்பர்களோடு ஒரே அறையில் இனி இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

வீட்டுக்காரர் புதுச்சேரிக்காரர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் மனைவியோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. நாங்கள் அவர்களை ஐயா என்றும் அம்மா என்றும்தான் கூப்பிட்டோம்.

இங்கே வாடகை ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு. பிரெஞ்சில் அதன் பெயர் 'பாய்'. முதல் தவணை முடிகிற நேரத்தில் ஐயா மாடிப்படியில் என்னை நிறுத்தி, "இந்த வருஷம் பாய் முடியுதும்மா, நீட்டணும்" என்றபோது, நான் படுக்கிற பாயை நினைத்து விழித்தேன். அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அது தானாகவே நீளும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு அது போதாது. எங்களை மேலே கூப்பிட்டு, சமையலறை மேசையில் உட்காரவைத்து, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். அம்மா பெரிய கிண்ணங்களில் காப்பி ஊற்றிவைத்து, என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். அப்படி இருமுறை நீட்டினோம்.

மூன்றாம் முறை அவரே கீழே இறங்கி வந்தார். அந்தக் குளிர்காலத்தில் அம்மா படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனையிலிருந்து நடை பழக்குகிற இல்லமொன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். ஐயா மேலங்கியைக் கழற்றாமலே கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"அஞ்சு மாடி இனிமே ஏறவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. தபால்ல கடுதாசி வரும். அதுக்கு முன்னாடி நானே வந்து சொல்லணும்னு பார்த்தேன்."

"என்ன கடிதம் ஐயா?"

"இந்தத் தடவை நீட்ட முடியாது. இந்த வீடு எங்களுக்கே வேணும்."

கணவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அப்ப மேல் வீட்டை எங்களுக்குத் தாங்கோவன்."

"அதை வித்தாத்தான் அவளைப் பார்த்துக்க ஆள் வைக்க முடியும் தம்பி."

அவர் போன பிறகு கணவர் கோபத்தில் கத்தினார். ரூ பெர்தொனேயில் தெரிந்த கடைக்காரர் ஒருவர், "விடாதேங்கோ அண்ணை. வழக்கெண்டு இழுத்தால் லேசில எழுப்பேலாது" என்று சொல்லியிருந்தார். கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது. என் மகள் பிறந்தது முதல் வளர்ந்த வீடு. அவளுடைய பள்ளிக்கூடம் தெரு முனையில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். பாதியாகிப் போயிருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு பிரெஞ்சுக்காரி ஓயாமல் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா என் கையைப் பிடித்து மெல்லக் கேட்டார்.

"உங்க குளியலறைக் கதவு அகலமா இருக்குமா? இந்த நடை வண்டி நுழையுமா?"

"நுழையும் அம்மா."

"இங்க ராத்திரியெல்லாம் விளக்கு எரியுதும்மா. நான் வீட்டுக்கு வந்துடணும்."

திரும்பி வரும்போது ரயிலில் அழுதேன். அவருக்காகவா எங்களுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, "வழக்கு வேண்டாம். நாங்கள் வேறை இடம் பாப்பம்" என்றேன். கணவர், "நீர் அங்கை போயிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

நகருக்கு வெளியே லா கூர்நெவில் ஒரு வீடு கிடைத்தது. பள்ளி தொடங்குமுன் போய்விட வேண்டுமென்று, தவணை முடியும்வரை காத்திராமல் கோடை விடுமுறையிலேயே மாறினோம். மகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வர மறுத்தாள். கணவர் தூக்கித்தான் கொண்டுவந்தார். சாவியை வாங்கும்போது ஐயா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா அந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு வரவேயில்லை. நாங்கள் மாறிய அடுத்த மாதம், அந்த இல்லத்திலேயே நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். தேவாலயத்தில் ஐயா எல்லோருடைய கையையும் பிடித்தார். என் கையை மட்டும் கனநேரம் விடவில்லை.

சில வாரம் கழித்து அவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"வீடு சும்மாதாம்மா கிடக்கு. திரும்பி வந்துடுங்க. பழைய பாயையே நீட்டிக்கலாம்."

நான் போய்ப் பார்த்தேன். குளியல் தொட்டியைப் பெயர்த்திருந்தார்கள். சுவர் நெடுகப் பிடித்து நடக்கக் கம்பிகள் போட்டிருந்தார்கள். என் மகளின் அறையில் உயர்த்தித் தாழ்த்துகிற கட்டில் ஒன்று, உறை பிரிக்காமல் நின்றது. ஆனாலும் எனக்கு அங்கேயே இருந்துவிட வேண்டும் போலிருந்தது.

கணவர் மறுத்துவிட்டார். "அந்த மனுசிக்கெண்டு விட்ட வீடு. அங்கை என்னால படுக்கேலாது." மகளைக் கேட்டேன். புதுப் பள்ளியில் அப்போதுதான் ஒரு தோழி கிடைத்திருந்தாள். பிரெஞ்சில், மாட்டேன், இன்னொரு தரம் மாற மாட்டேன் என்றாள். முடியாது என்று நான்தான் ஐயாவிடம் சொல்லவேண்டியிருந்தது. "சரிம்மா" என்றார்.

பிறகு மேல் வீட்டை விற்றுவிட்டு அவரே இரண்டாம் மாடிக்கு இறங்கினார். அடுத்த வருடம் சாமான் வாங்க அந்தப் பக்கம் போனபோது கதவைத் தட்டினேன். சுவர்க் கம்பியைப் பிடித்தபடி வந்து திறந்தார். எங்கள் குளிர்பெட்டி இருந்த இடத்தில் கதிரை போட்டு உட்காரவைத்தார். மேல்பாலத்தில் மெத்ரோ ரயில் போகிற சத்தம் கேட்டது.

"இங்க சத்தம் ஜாஸ்திம்மா. மேல இவ்வளவு கேக்காது. அவளுக்குத் தூக்கம் வந்திருக்காது."

"பழகிவிடும் ஐயா" என்றேன்.

"ஆமா" என்று தலையாட்டிவிட்டு, ஜன்னலைச் சாத்த எழுந்தார்.