மொட்டைத் தலைக்கு ஸ்மால் சைஸ்

1. முதல் நாள், முதல் தகராறு

கடையில் சேர்ந்த முதல் நாளே ஒரு வாடிக்கையாளரிடம் சண்டை போட்டேன். பூந்தோட்டம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த விவசாயி அவர். குறுவை அறுத்த கையோடு, கல்லூரிக்குப் போகும் மகனுக்கு கியர் சைக்கிள் வாங்க வந்திருந்தார். சைக்கிளை எடுத்தாயிற்று. ஹெல்மெட் விஷயத்தில்தான் வம்பு வந்தது.

"ஒரு சைஸ் பெருசாவே குடும்மா. வளர்ற புள்ள."

கூட நின்ற பிள்ளைக்கு மீசை அரும்பி, அதை ஒரு தடவை மழித்தும் ஆகியிருந்தது. "அண்ணே, இதுக்கு மேல தலை எங்க வளரப் போவுது? சரியான சைஸே எடுத்துக்குங்க" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சட்டை செருப்பெல்லாம் இவ்ளோ நாளா நாங்க பெருசாத்தான் வாங்குறோம். எங்களுக்குத் தெரியாதா?" என்று ஹெல்மெட்டே வேண்டாமென்று சைக்கிளை மட்டும் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

முதல் நாளே வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கும் வாம்மா கலா" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்.

முதலாளி பெயர் இபுராஹிம். எல்லாருக்கும் பாய். மஸ்கட்டில் ஒரு பெரிய சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர். அந்த ஊரில் வெள்ளிக்கிழமையானால் வெள்ளைக்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் கல்லு மலையில் சைக்கிள் ஓட்டக் கிளம்பிவிடுவார்களாம். அவர்களுக்கு ஹெல்மெட் மாட்டி விட்டே பாதி வாழ்க்கை போனது என்பார். அந்த வேலையை விட்டுவிட்டு வந்து கும்பகோணத்தில் கடை வைத்தார். மலை என்று சொல்ல மணல் மேடுகூட இல்லாத ஊரில் மவுன்டன் பைக் கடையா என்று ஊரே சிரித்தது. பாய் மசியவில்லை. "மலை இல்லாட்டி என்ன, கரை இருக்குல்ல" என்பார். கொள்ளிடக் கரையில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். மூங்கில் வேரும், கருங்கல்லும், மணல் சரிவுமாக அது யாரையும் குப்புறத் தள்ளும்.

இந்தக் கடைக்கு வருமுன் நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். ரெடிமேடு வந்து தையல் குறைந்துபோன காலம். "டேப் பிடிக்கத் தெரியும்ல? போதும்" என்று பாய் என்னைச் சேர்த்துக்கொண்டார். டேப் பிடிப்பதற்கு மேலேயும் எனக்கு ஒன்று தெரியும். ஒரே முப்பத்தாறு அளவுள்ள இரண்டு பெண்களுக்கு ஒரே ஜாக்கெட் உட்காராது. அதனால்தான் நம்மூர்ப் பெண்கள் டேப்பை நம்பாமல் அளவு ஜாக்கெட் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தலையும் அப்படித்தான் என்று சீக்கிரமே புரிந்துகொண்டேன்.

2. தலை பார்க்கும் விதம்

பாய் சொல்லிக் கொடுத்ததையும் நானாகக் கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன். கடையில் புதிதாகச் சேர்கிறவர்கள் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

புருவத்துக்குச் சற்று மேலே, காதுக்கு மேலே, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தின் வழியாக டேப்பைச் சுற்ற வேண்டும். அது சைஸ். சைஸ் பாதி வேலைதான். மீதிப் பாதி தலையின் வடிவம். சிலருக்கு உருண்டைத் தலை, சிலருக்கு முன்னும் பின்னும் நீண்ட தலை. உருண்டை ஹெல்மெட்டை நீளத் தலையில் கவிழ்த்தால் நெற்றியில் குத்தும், காதுக்கு மேல் நெற்றிப்பொட்டுப் பக்கம் இரண்டு விரல் போகிற அளவு காலியாக இருக்கும். குத்துகிறதே என்று ஒரு சைஸ் பெரிது எடுத்தால் எல்லாப் பக்கமும் ஆடும்.

பின்னால் இருக்கும் டயலைத் திருகி எதையும் டைட் ஆக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். டயலை முழுக்கத் தளர்த்தி, பட்டையும் போடாமல் மாட்டிப் பாருங்கள். அப்போதே தலையை மெத்தென்று பிடிக்க வேண்டும். டயல் கடைசியாக ஒரு சுற்று உதவி செய்வதற்குத்தான். மாட்டிய பிறகு ஹெல்மெட்டைப் பிடித்து அசைத்தால் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். தோல் நின்று ஹெல்மெட் மட்டும் நகர்ந்தால் அது உங்கள் தலைக்கானது அல்ல.

ட்ரெயிலில், அதாவது கல்லும் வேருமான பாதையில், ஓட்டுகிறவர்களுக்குப் பின்மண்டையைக் கீழே வரை மூடும் ஹெல்மெட் வேண்டும். புருவத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடம், அதற்கு மேல் நெற்றி தெரியக் கூடாது. இந்த இடத்தில்தான் நம்மூர்க்காரர்களோடு எனக்கு ஓயாத மல்லுக்கட்டு. திருநீறு அழியும், குங்குமம் கலையும் என்று ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளி, கிரீடம் போல வைத்துக்கொள்வார்கள். "சாமி கோச்சுக்காதுங்க, இறங்கின பிறகு திரும்ப வெச்சுக்குங்க" என்று ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். பெண்களுக்குக் கொண்டை கூடாது, கழுத்தோரம் தாழ்வாகப் பின்னல். மல்லிகைப்பூவைக் கழற்றி ஹேண்டில் பாரில் சுற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு.

நான் சைஸ் சொல்லி அது தப்பாகிப் போனது என்று ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

3. ஸ்டெல்லாவின் தலை

ஸ்டெல்லா குடவாசல் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக பி.டி. டீச்சர். அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அவன் வாங்கிக் கொடுத்த சைக்கிளில் ஞாயிறுதோறும் பாயின் சைக்கிள் கூட்டத்தோடு கொள்ளிடக் கரைக்கு வருவாள். ஆண்களை எல்லாம் புழுதி தின்ன வைத்துவிட்டு முன்னால் போவாள். கொல்லிமலையில் ஒரு ட்ரெயில் போட்டி வந்தது. நம் பக்கத்திலிருந்து போகும் ஒரே ஆள் அவள்தான்.

அவளுக்கு ஹெல்மெட் பார்த்தது நான். சுருட்டை முடி, கை கொள்ளாது. அந்த முடியோடு டேப் ஐம்பத்தாறு சென்டிமீட்டர் காட்டியது. மீடியம் கச்சிதமாக உட்கார்ந்தது. குனிந்து தலையை உலுக்கச் சொன்னேன், அசையவில்லை. மனநிறைவோடு அனுப்பி வைத்தேன்.

போட்டிக்கு முந்தின நாள் மதியம் அவளும் அவள் அம்மா பிலோமினாக்காவும் கடைக்குள் வந்தார்கள். சாயங்காலம் பஸ் ஏற வேண்டும், அதற்கு முன் பிரேக் ஷூ வாங்க வந்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஸ்டெல்லா மொட்டை. சந்தனம் பூசிய புது மொட்டை.

"வேளாங்கண்ணியில போட்டுட்டு நேரா வர்றோம்" என்றார் பிலோமினாக்கா, பூரிப்போடு. "மலையில விழுந்து கிழுந்து வெச்சான்னா? போவக்கூடாதுன்னுதான் சொன்னேன். கேக்கல. சரி, மாதாவுக்கு முடியக் குடுத்துட்டுப் போன்னுட்டேன். இனி அவ தலைய மாதா பாத்துக்குவா."

அவள் பையில் அந்த மீடியம் ஹெல்மெட் தொங்கியது. "ஸ்டெல்லா, அந்த ஹெல்மெட்டை மாட்டு" என்றேன். மாட்டினாள். புருவத்தைத் தாண்டி மூக்கு வரை இறங்கியது. டயலைக் கடைசி வரை திருகினேன். லேசாகத் தட்டியதும் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. டேப் வைத்தால் ஐம்பத்து நாலுகூட இல்லை. தலையைக் காப்பாற்றக் கொடுத்த முடிதான் ஹெல்மெட்டைப் பிடித்து வைத்திருந்தது.

"இதைப் போட்டுக்கிட்டு ஓட்டக்கூடாது" என்றேன்.

பிலோமினாக்காவின் முகம் மாறிவிட்டது. "மாதாவுக்குக் குடுத்ததுல குத்தம் சொல்றியா நீ?"

"குத்தம் சொல்லலக்கா. மாதாவுக்குக் குடுத்தது குடுத்ததுதான். இப்ப இருக்குற தலைக்கு வேற ஹெல்மெட் வேணும். அவ்ளோதான்."

"ஒரு துண்டை மடிச்சு உள்ள கட்டிக்கிட்டா சரியாப் போவுது."

"துணி வழுக்கும்கா. விழுற நேரத்துல துணி ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் போவும்."

ஸ்டெல்லா ஸ்டூலில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அங்க ஆரம்பத்துலயே ஹெல்மெட்டை ஆட்டிப் பாப்பாங்கக்கா. ஆடுனா விட மாட்டாங்க. இதுக்காக ஒரு வருஷமா ஓட்டியிருக்கேன்." கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

கடையில் இருந்த ஸ்மால் எல்லாவற்றையும் இறக்கினேன். எல்லாம் உருண்டை வடிவம். முடி போனதும் ஸ்டெல்லாவின் தலை எவ்வளவு நீளம் என்று பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொன்றும் நெற்றியில் முட்டி, பக்கத்தில் இடைவெளி விட்டது. நீள வடிவ ஸ்மால் ஒன்றே ஒன்று இருந்தது, முன் கண்ணாடியில் தொங்கும் டிஸ்ப்ளே பீஸ். "அதைக் குடுத்துடேன்மா" என்றார் பாய். நான் மறுத்துவிட்டேன். வருஷக்கணக்காக மேற்கு வெயிலில் காய்ந்தது அது. சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகிவிட்டது. வெயில் தின்ற ஹெல்மெட் உள்ளே எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாய்தான் இதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவசரத்தில் அவரே மறந்துவிட்டார். சென்னையிலிருந்து வரவழைக்க நேரம் இல்லை.

4. அளவுத் தலை

பாய் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் பட்டது. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்திருக்கிற தலை. முன்னும் பின்னும் நீண்ட, சிறிய, ஒரு முடியும் இல்லாத தலை.

"பாய், கொஞ்சம் தலையைக் குனிங்க."

"என் தலையில என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லைங்க. அதுதான் வேணும்."

டேப்பைச் சுற்றினேன். அச்சு அசல் ஸ்டெல்லாவின் அளவு. அளவு ஜாக்கெட் மாதிரி எனக்கு அளவுத் தலை கிடைத்துவிட்டது. பாய் ஓட்டும்போது மாட்டும் பழைய ஹெல்மெட் ஒரு தடவை கரையில் அடி வாங்கியது, அது ஆகாது. ஆனால் இன்னொன்று இருந்தது. அவர் மகன் மஸ்கட்டில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது. நீள வடிவம், ஸ்மால். பெட்டியைத் திறந்து எங்களுக்குக் காட்டியதோடு சரி. முட்டி வலி சரியானதும் மலையில் ஒரு நாள் மாட்டுவேன் என்று பீரோவில் வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. பாய் ஸ்டெல்லாவைப் பார்த்தார், அவள் மடியில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு எழுந்தார். "கடையைப் பாத்துக்கம்மா, வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளம்பினார்.

திரும்பி வந்து பெட்டியை என் கையில் கொடுத்தார். ஸ்டெல்லா தலையில் வைத்தேன். டயலைத் தொடுவதற்கு முன்பே மண்டையைக் கவ்விப் பிடித்தது. காதுக்குக் கீழே பட்டையை வி வடிவில் சேர்த்தேன், தாடையில் ஒரு விரல் இடம் விட்டுப் பூட்டினேன். வாயைப் பெரிதாகத் திறக்கச் சொன்னேன். பட்டை இறுகி ஹெல்மெட் கீழே இழுத்தது, அப்படித்தான் இழுக்க வேண்டும். பட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்து உலுக்கினாள். அசையவில்லை. நெற்றித் தோல்தான் அசைந்தது.

"திரும்ப முடி வளர்றதுக்குள்ள ஜெயிச்சுட்டு வா" என்றார் பாய். பிலோமினாக்கா என்னிடம் பேசாமலேயே போனார்.

5. உடைந்து திரும்பியது

ஸ்டெல்லா ஜெயிக்கவில்லை. பாதி வழியில், இறக்கத்தில், ஈர வேரில் முன்சக்கரம் வழுக்கி, பின்மண்டை பாறையில் அடிபட விழுந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முழங்கையில் தையல், இடுப்பில் சிராய்ப்பு. தலையில் ஒரு கீறல் இல்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து பிலோமினாக்கா தனியாகக் கடைக்கு வந்தார். கட்டைப்பையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். பின்பக்கம், கழுத்துக்கு மேலே, உள்ளேயிருக்கும் தெர்மாகோல் வரை பிளந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே போனது. மூக்கு வரை இறங்கிய அந்த மீடியம் இருந்திருந்தால் அந்த இடத்தில் எது பிளந்திருக்கும் என்று மூன்று பேரும் ஒரே சமயத்தில் நினைத்தோம்.

"பாய், உங்க புள்ள ஆசையா வாங்கித் தந்தது. உடைஞ்சு போச்சு" என்றார்.

"உடையத்தானேம்மா செஞ்சிருக்கான்" என்றார் பாய். "தலைக்குப் பதிலா இது உடையணும். அதோட வேலை முடிஞ்சுது." மகனுக்கு உடனே போன் போட்டு, "தம்பி, நீ வாங்கித் தந்தது ஒரு உசுரக் காப்பாத்திருச்சுடா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அன்று அவர் முகத்தில் பார்த்த பெருமையை மஸ்கட் கதை சொல்லும்போதுகூட நான் பார்த்ததில்லை.

அந்த ஹெல்மெட்டை மறுபடி யாரும் மாட்டிவிடாதபடி பட்டையை நானே கத்தரிக்கோலால் வெட்டினேன். அடி வாங்கிய ஹெல்மெட் பார்க்க நன்றாக இருந்தாலும் அதற்கு மறுவாழ்வு கிடையாது. கடையில் கற்ற பாடம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கினால் இதுதான்: நேற்று இருந்த தலைக்கு அளவெடுக்காதீர்கள், நாளைக்கு வளரப்போகிற தலைக்கும் எடுக்காதீர்கள். எந்தத் தலையோடு சைக்கிளில் ஏறுகிறார்களோ அந்தத் தலைக்கு எடுங்கள்.

அடுத்த வருஷம் போட்டிக்கு நாள் குறித்ததும் பிலோமினாக்கா வந்தார். ஸ்டெல்லாவுக்கு அதற்குள் சுருட்டை முடி காதை மூடியிருந்தது. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கலா, இந்தத் தடவையும் மாதாவுக்கு நேர்ந்திருக்கேன். மொட்டைய என்னிக்குப் போட்டா உன் ஹெல்மெட்டுக்குத் தோதா இருக்கும்? நீ ஒரு தேதி சொல்லு."

"எந்தத் தேதி வேணாலும் போடுங்கக்கா. போட்டுட்டு வீட்டுக்குப் போவாம நேரா இங்க வாங்க. அப்புறமா அளவெடுப்போம்."

அப்படியே வந்தார்கள். சந்தனம் காய்வதற்குள் நான் டேப்பைச் சுற்றினேன். பிலோமினாக்கா பக்கத்தில் நின்று, "நல்லா ஆட்டிப் பாரு, இன்னும் கொஞ்சம் ஆட்டு" என்று என்னைவிடக் கறாராக நின்றார். அவர் வேண்டுதலில் இப்போது இரண்டு இடம். முதலில் வேளாங்கண்ணி, அப்புறம் எங்கள் கடை.