காப்பர்-டி மாற்றப் போன நாள்

காப்பர்-டி பொருத்திப் பத்து ஆண்டுகள் முடிந்துவிட்டதால், அதை எடுக்க அஸ்தினாபுரத்தில் உள்ள கிளினிக்குக்குப் போனேன். இரண்டாவது மகள் பிறந்த பிறகு அங்கேதான் பொருத்திக்கொண்டேன். அன்று கணவர் கைக்குழந்தையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை தனியாகப் போனேன்.

எடுப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. கையுறையைக் கழற்றாமலே டாக்டர் கேட்டார்: "புதுசு இப்பவே போட்டுடலாமா?"

தட்டில் கிடந்த பழையதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணவருக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிஃப்ட் பார்த்த காலத்தில், பகலில் தூங்குவதற்காக முன் அறைக்குப் போனார். பிறகு பகல் ஷிஃப்ட்டுக்கு மாற்றினார்கள். அவர் அந்த அறையிலிருந்து திரும்பவில்லை. சண்டை எதுவும் இல்லை. மகள்களின் டியூஷன், தண்ணீர் லாரி, சிட்லபாக்கத்துக் கொசு என்று எல்லாவற்றையும் பேசுவோம். இதை மட்டும் இருவரும் பேசியதில்லை.

"வேணாம்னா விட்டுடலாம். ஆனா உங்க வயசுல இன்னும் கரு தங்கும்," என்றார் டாக்டர். "வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்களேன்."

"எங்க வூட்டுக்காரரா இருந்தா கேக்கவே தேவையில்ல டாக்டர், போட்டே ஆவணும்," என்றார் நர்ஸ். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு நாளிதழின் மகளிர் பக்கத்தைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டவள் நான். கருத்தடை பற்றி வந்த கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி முடியும்: கணவனும் மனைவியும் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும். அந்த வரி விட்டுப்போன கட்டுரைகளில் நானே அதைச் சேர்த்ததுண்டு. பேச்சை எப்படித் தொடங்குவது என்று யாரும் எழுதவில்லை.

உடையைச் சரிசெய்துகொண்டு வராந்தாவுக்கு வந்து கணவரைப் போனில் அழைத்தேன். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே எடுத்தார். டாக்டர் கேட்டதைச் சொன்னேன்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"அப்போ வேணாமா?"



"உன் இஷ்டம். சூப்பர்வைசர் கூப்பிடறார், வெச்சிடறேன்."

உள்ளே போனேன். "என்ன சொன்னார்?" என்றார் டாக்டர்.

"போட்டுக்கச் சொன்னார்," என்றேன்.

"பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று நர்ஸ் என் தோளில் தட்டிப் படுக்கச் சொன்னார்.

அடிவயிற்றை ஒரு வலி இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனது. இந்த வயதில் போட்டால் மாதவிடாய் நிற்கும்வரை போதும், இனி மாற்ற வேண்டியிருக்காது என்று டாக்டர் விளக்கினார். எழுந்து உட்கார்ந்ததும் லேசாகத் தலை சுற்றியது.

"சார் வந்து கூட்டிட்டுப் போவாரா மேடம்?" என்றார் நர்ஸ்.

"டூட்டியில இருக்கார்," என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

சாயங்காலம் அவர் வந்தார், சாப்பிட்டார், கொசுவர்த்தி தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். கிளினிக்கைப் பற்றிக் கேட்கவில்லை. போட்டுக்கொண்டேன் என்று நானும் இதுவரை சொல்லவில்லை.