மக்கும் டின்னில் போன பெருமாள்

சித்தப்பாவின் எதிரில் யாரும் குப்பையைக் குப்பை என்று சொல்லிவிட முடியாது. "சரக்குன்னு சொல்லு" என்பார். அவர் ஸ்ரீரங்கத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். கொள்ளிடக் கரைப் பக்கம் இருந்த உரக்கிடங்கு அவர் பொறுப்பு. ஊர்க் குப்பை ஓர் அடுக்கு, கொல்லைப்புறச் சந்துகளிலிருந்து வண்டியில் வரும் மலம் ஓர் அடுக்கு என்று குழியில் மாற்றி மாற்றிப் போட்டு மூடிவைத்தால், சில மாதங்களில் அது கறுகறுவென்று, நாற்றமே இல்லாத கம்போஸ்ட் எருவாகிவிடும். இதை அவர் சாப்பிடும்போதுதான் விவரிப்பார். சித்தி ரசத்தை ஊற்றாமல் கரண்டியோடு நிற்பாள்.

"நீங்க சொல்லி முடியுங்கோ, அப்புறம் ஊத்தறேன்" என்பாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு புத்தூரில். கோடை விடுமுறை விட்டதும் அப்பா என்னை பஸ்ஸில் அழைத்துவந்து சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போவார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் அந்த வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம்.

அந்த வருடம் சித்தப்பாவுக்கு ஒரு தலைவலி. எரு வாங்கிப்போன வாழைத் தோட்டக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். எருவில் கண்ணாடித் துண்டும் துருப்பிடித்த ஆணியும் கிடந்து ஆட்களின் காலைக் கிழிக்கிறதாம். சித்தப்பா வீடு வீடாக ஏறி இறங்கினார். மக்குகிறதைத் தனியாகப் போடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். எதிர்வீட்டு மாமி, "முதல்லே உங்காத்துலே பண்ணிக் காட்டுங்கோ, அப்புறம் நாங்க பண்றோம்" என்று சொல்லிவிட்டாள். ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. மறுநாளே கொல்லையில் மூன்று மண்ணெண்ணெய் டின்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஒன்று மக்குவதற்கு, ஒன்று எரிப்பதற்கு, ஒன்று விற்பதற்கு. சாக்கட்டியால் டின்களின் மேல் எழுதியது நான். வீட்டு இன்ஸ்பெக்டர் என்று எனக்குப் பதவியும் கொடுத்தார்.

பதவி வந்தால் புத்தி எங்கே நிற்கிறது? வாடிய மாவிலைத் தோரணத்தைப் பிரித்து, இலையை ஒரு டின்னிலும் சணலை இன்னொரு டின்னிலும் போட்டேன். தீப்பெட்டிக்குள் இருக்கும் அட்டைக்கும் மேலே ஒட்டிய தாளுக்கும் கதி தனித்தனியா என்று சித்தப்பாவைக் கேட்டேன். அவர் பூரித்துப்போய் ஆபீஸிலெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். சித்தி மட்டும், கறிகாய்த் தோலைக்கூட இந்தப் பெண்ணிடம் பர்மிஷன் கேட்டுத்தான் போட வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் மத்தியானம் சித்தி தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் கட்டு மூலையில், சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்த ஒரு படம் என் கண்ணில் பட்டது. பள்ளிகொண்ட பெருமாள் படம். கெட்டி அட்டையில் ஒட்டி வார்னிஷ் பூசியது. கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. விரிசல் விட்ட படத்தைச் சேவிக்கக் கூடாது என்று சித்தி அதைக் கழற்றி வைத்திருந்தாள். புதுக் கண்ணாடி போட ஆள் வரச் சொல்லியிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. மூலையில் கிடப்பதெல்லாம் என் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதுதான் எனக்குத் தெரியும்.

மிகவும் ஒழுங்காகப் பிரித்தேன். கண்ணாடியும் ஆணியும் விற்கிற டின்னுக்குப் போயின. மரச்சட்டம் எரிக்கிற டின்னுக்கு. அட்டை எதில் சேரும் என்று கொஞ்சம் யோசித்தேன். அட்டை மக்கும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். பெருமாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மக்குகிற டின்னில் வாழைப்பழத் தோலுக்கு மேலே மெதுவாக வைத்தேன்.

மறுநாள் காலை வண்டி வந்து டின்னைக் காலி செய்துகொண்டு போயிற்று. மரச்சட்டம் வெந்நீர் அடுப்பில் எரிந்து, சித்தி அந்த வெந்நீரில் குளித்தும் விட்டாள். பத்து மணிக்குக் கண்ணாடி போடுகிறவர் வந்து வாசலில் குரல் கொடுத்தார்.

"எங்கேடி அந்தப் படம்?" என்றாள் சித்தி.

"பிரிச்சாச்சு சித்தி" என்றேன். எது எது எந்த டின்னில் போயிற்று என்று பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தேன். பாராட்டுவாள் என்றுகூட நினைத்தேன்.

சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் படம் அவள் கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா கொடுத்தது. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. பிறந்த வீட்டிலிருந்து அவளிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அவள் என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

சித்தப்பா சாப்பிட வந்தபோது இலை போடவில்லை.

"உங்க சரக்குலே என் பெருமாள் இருக்கார். கொண்டு வாங்கோ. அவர் ஆத்துக்கு வராம நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கப் போறதில்லை" என்றாள் சித்தி.

"குப்பையில கிடந்தாலும் குன்றிமணி நிறம் மாறாதுன்னு..." என்று சித்தப்பா சமாதானமாக ஆரம்பித்தார். சித்தி நிமிர்ந்து பார்த்த பார்வையில் அந்தப் பழமொழி பாதியில் நின்றது. குப்பை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து அன்றுதான் கேட்டேன். சட்டையைக்கூட மாற்றாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனார். பொழுது சாயும் நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினார். காலை வண்டிகள் கொட்டியதை அதற்குள் குழிகளில் அடுக்கிவிட்டார்களாம், எந்தக் குழி என்று சொல்வது கஷ்டமாம். அடுக்கிய குழியைக் கலைக்கவே கூடாது என்று ஆட்களுக்குச் சட்டம் போட்டிருந்தவர், கலைத்துத் தேடச் சொல்லிவிட்டு வந்திருந்தார். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, அவரும் சாப்பிடாமலே படுத்தார். எனக்கு மட்டும் சித்தி தயிர்சாதம் பிசைந்து போட்டாள்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு கொல்லைக் கதவுக்கு வெளியே, சந்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா! பெருமாள் கெடைச்சுட்டாருங்க!"

எங்கள் தெருவுக்குத் தினமும் சந்து வழியாகக் கூடையும் தகரமுமாக மலம் அள்ள வருகிற அம்மாள் அவர். கிடங்கிலும் அவருக்கு வேலை உண்டு. அவர் பெயர் என்ன என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. வெள்ளைத் துணி ஒன்றில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துப் படத்தைக் கொண்டுவந்திருந்தார்.

"நாலு குழி கலைச்சோமுங்க. நாலாவதுல மேலாகத்தான் இருந்தாரு. ஈரத்துணியால நல்லாத் தொடைச்சு நெழல்ல காயவெச்சுத்தான் எடுத்தாறேன். நானும் குளிச்சுட்டுத்தாம்மா தொட்டேன்."

துணியைப் பிரித்துக் காட்டினார். ஒரு மூலை மட்டும் லேசாக உப்பியிருந்தது. மற்றபடி பெருமாள் பளிச்சென்று இருந்தார். சுவரில் மாட்டியிருந்தபோதுகூட அவ்வளவு சுத்தமாக அவரை நான் பார்த்ததில்லை.

சித்தியின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "நீ நன்னா இருக்கணும், உன் குழந்தை குட்டியெல்லாம் நன்னா இருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு, "அந்தத் தோய்க்கிற கல்லு மேல வெச்சுடு" என்றாள்.

அவர் உள்ளே இரண்டு அடி வந்து, கல்லில் படத்தை வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே பின்வாங்கிக் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். சித்தி உள்ளே ஓடி, தீபாவளிக்கென்று எடுத்துவைத்திருந்த புதுப் புடவையைக் கொண்டுவந்தாள். கட்டிக்கழித்ததைக் கொடுக்கவில்லை. நல்ல மனசுக்காரி அவள், அதில் சந்தேகமே இல்லை. அவர் முந்தானையை ஏந்தி நின்றார். சித்தி கையை உயர்த்தி, மேலேயிருந்து புடவையை அதில் போட்டாள்.

"ஒரு சொம்புல மஞ்சத் தண்ணி கரைச்சுண்டு வாடி" என்று என்னிடம் சொன்னாள்.

நான்தான் ஓடினேன். நான்தான் கரைத்துக் கொண்டுவந்தேன். சித்தி மூன்று தரம் படத்தின் மேல் தெளித்தாள். அதற்கப்புறம்தான் அதைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சித்தப்பா கூடத்தில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொல்லையில் நடப்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும். அவர் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

படத்தில் ஒரு தூசிகூட இல்லை என்பதை நான் கிட்டத்திலிருந்து பார்த்திருந்தேன். பின் எதற்குத் தண்ணீர்? யோசித்து யோசித்து நானே ஒரு விடை கண்டுபிடித்தேன். பெருமாளை டின்னில் போட்டவள் நான். என் தப்புத்தான் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சித்தி அதைத்தான் கழுவுகிறாள். நெஞ்சில் இருந்த பாரம் அப்போதே இறங்கிவிட்டது. ஆனாலும் மூன்று தரம் போதுமா என்று சந்தேகமாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் தெளிங்கோ சித்தி" என்று கெஞ்சினேன். "நன்னாத் தெளிங்கோ."

கதவுக்கு வெளியே, புதுப் புடவையை மடியில் கட்டிக்கொண்டு நின்ற அந்த அம்மாளுக்கும் அது கேட்டிருக்கும்.