ஈசானி மூலையில் முதல் நாத்து

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை முடிந்த பிறகு நடவு மெஷின் ஓட்ட ஆரம்பித்தேன். இடுப்பு போய்விட்டது, இன்னும் ஓட்டுகிறேன். முதல் நடவுப் பட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

வடக்குத்து கிராமத்தில் தனபால் கழனி. திருநீறு பூசி, கும்பிட்டு, வழி இருந்த மேற்குப் பக்கமாக மெஷினை இறக்கினேன். ஒரு வரிசை நட்டிருப்பேன். தனபால் வரப்பில் ஓடி வந்தார்.

"நிறுத்துங்க டிரைவர். ஈசானி மூலைல முதல் நாத்து வெக்காம மிஷின் ஓடக்கூடாது."

"நீங்களே வெச்சிடுங்களேன்."

"எங்கப்பா காலத்துலர்ந்து அஞ்சலை வூட்டுக் கைதான். போன வாரம்தான் நடவுக்கு ஆளு வேணாம்னு அவகிட்ட சொன்னேன். இப்ப எந்த மூஞ்ச வெச்சிகினு போவேன்?"

மெஷினுக்கென்று தட்டில் வளர்த்த நாத்துக்கு அன்றோடு பதினெட்டு நாள். விட்டால் வேர் பின்னிக்கொள்ளும், மெஷின் பிரித்து நடாது. அத்தனை நாத்தும் மாட்டுக்குத்தான். நானே பைக்கை எடுத்தேன்.

அஞ்சலை வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டைப் பால் சுடாமலிருக்கக் கையெல்லாம் சாம்பல். விஷயத்தைச் சொன்னேன். நிமிரவில்லை.

"வேலைக்கு எங்க கை வேணாம். சாமிக்கு மட்டும் வேணுமாண்ணே?"

மூலையில் மெஷின் திரும்பாது, விட்டுப்போன இடத்தையும் கையால்தான் நடவேண்டும், நாலு பேருக்கு வேலை இருக்கிறது என்றேன். அது உண்மைதான். ஆனால் அவள் கேட்டபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"முன்னெல்லாம் இருவது பேரு எறங்குவோம். இப்ப மிஷின் தின்ன மிச்சமா?" என்றாள். கையிலிருந்த கொட்டையை உடைத்து முடித்து, "பயிரு என்ன பாவம் பண்ணுச்சு" என்று எழுந்து கை கழுவினாள்.

மூன்று பேரோடு வந்தாள். வடகிழக்கு மூலையில் கிழக்கே பார்த்து முதல் நாத்தை ஊன்றினாள். தனபால் தயங்கித் தயங்கி, "குலவை போடும்மா" என்றார்.

"அத ஒன் மிஷினப் போடச் சொல்லு."

நான் இன்ஜினைப் போட்டேன்.

விளைச்சல் நன்றாகத்தான் வந்தது. அடுத்த பட்டத்துக்கு தனபால் முதலில் அஞ்சலை வீட்டுக்குப் போய், நாள் கேட்டுக்கொண்டு, அப்புறம்தான் எனக்குப் போன் செய்தார்.

புதிதாக மெஷின் ஓட்ட வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். டீசல் பார்ப்பதுபோல, முதல் நாத்து யார் கை என்று முன்னாடியே கேளுங்கள். அவர்களிடம் வேலையோடு போங்கள். சாமியை மட்டும் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

அஞ்சலை இன்றுவரை என் மெஷினுக்குக் குலவை போட்டதில்லை. நானும் கேட்டதில்லை.