லே

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். சிங்களமும் ஓரளவு வரும். அம்மா இல்லை, அத்தான் கட்டாரில் வேலை. அதனால் வயிற்றுப்பிள்ளைக்காரி அக்காவுக்குக் கிளினிக் துணையும் நானே. பூநகரியிலிருந்து காலை பஸ்ஸை விட்டால் அந்தக் கிழமை கிளினிக் இல்லை.

ஆண்கள் வெளியில் மர வாங்கில்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். புதிதாக வந்திருந்த பெண் டொக்டருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த நேர்ஸ் மிஸ் லீவில் நின்றார்.

தலையிடி இருக்கிறதா, கால் வீங்குகிறதா, பிள்ளை துடிக்கிறதா என்று டொக்டர் கேட்கக் கேட்க நான் அக்காவிடம் கேட்டுச் சொன்னேன். பிறகு அவர், "லே யனவாத?" என்றார்.

லே என்றால் இரத்தம். இரத்தம் போகிறதா என்கிறார். முள்ளுக் குத்திய காலுக்கும் வெட்டுப்பட்ட விரலுக்கும்தான் அந்தச் சொல்லைப் படித்திருந்தேன். அக்கா பெரியபிள்ளையானபோது என்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏனென்று ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்கிடையில் அந்தக் கதை அவ்வளவுதான்.

"வேற ஏதும் இருக்கோ அக்கா?"

"ஒண்டுமில்லை."

சொல்லிவிட்டுச் சட்டை விளிம்பைச் சுருட்டினாள். பொய் சொன்னால் அப்படித்தான் செய்வாள். டொக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று டொக்டரிடம் சொல்லாமல் எழும்பிப் போனேன்.

வெளியே வரிசையில் ஒரு முஸ்லிம் பெண் நின்றார். அவரும் மாதமாகத்தான் இருந்தார். ஒரு கேள்வி கேட்டுத் தருவீர்களா என்றேன்.

"ஆருக்குக் கேள்வி, தம்பிக்கோ?" என்று சிரித்தார். விசயத்தைச் சொன்னதும் சிரிப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து அக்காவின் காதில் கேட்டார். அக்கா அவர் காதில் சொன்னாள். எவ்வளவு நேரம் சொன்னாள்! எனக்கென்று அவளிடம் அவ்வளவு கதை ஒருநாளும் இருந்ததில்லை.

"முந்தநாள் தொட்டுத் துணியில படுதாம் தம்பி. நல்ல சிவப்பாம்."

நான் சொல்லி முடிக்கமுன் டொக்டர் எழும்பிவிட்டார்.

அம்புலன்ஸில் அக்காவோடு ஒரு நேர்ஸ் ஏறினார். எனக்கு இடமில்லை. பஸ் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வார்ட் வாசலில் நின்றேன். உள்ளே போகும் பெண்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. என்னைப் புருசன் என்று நினைத்து ஓர் அம்மா தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். தம்பி என்று சொல்லவும் தெம்பில்லாமல் குடித்தேன்.

பின்னேரம் ஒரு நேர்ஸ் வெளியே வந்து, வயிற்றை வெட்டித்தான் எடுத்தது, பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, இரண்டு பேருக்கும் பயமில்லை என்றார்.

மறுநாள் பார்வை நேரத்தில் விட்டார்கள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"ஆட்டுக்குத் தண்ணி வைச்சியோ?"

"ஓம்" என்றேன். நான் இன்னும் வீட்டுக்கே போகவில்லை.