ஜன்னல் வழியே போட்ட துண்டு

எத்தனையோ அநியாயங்களைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

இன்று காலை நீடாமங்கலத்தில், தஞ்சாவூர் பேருந்து வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஓர் இருக்கையில் என் துண்டைப் போட்டேன். துண்டு போட்டால் இடம் நம்முடையது. டெல்டா முழுக்க அதுதான் சட்டம்.

முண்டியடித்து ஏறிப் பார்த்தால், என் துண்டின் மேலேயே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

என் வக்கீல்.

"சார், அது நான் போட்ட துண்டு."

"துண்டு போட்டா ஆச்சா? யார் உட்கார்ந்திருக்காங்களோ அவங்களுக்குத்தான் அனுபவ பாத்தியதை."

"அப்ப என் வரப்பை வெட்டி நாத்து நட்டிருக்கானே பக்கத்து வயல்காரன், அவனுக்கும் அதானே? அது செல்லாதுன்னுதானே எனக்காக வாதாடுறீங்க?"

"அது கோர்ட்டு சார். இது பஸ்."

நடத்துநரிடம் முறையிட்டேன். "துண்டுக்கு டிக்கெட் எடுத்தீங்களா?" என்றார். பேருந்தே சிரித்தது.

தஞ்சாவூர் வரை நின்றேன். இறங்கும்போது வக்கீல் அதே துண்டால் முகத்தை நன்றாகத் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"திங்கக்கிழமை வாய்தா, மறந்துடாதீங்க."

நியாயம் யார் பக்கம், நீங்களே சொல்லுங்கள். என் வரப்பு திரும்பி வரும்வரை அவர் தயவு எனக்கு வேண்டும். ஆகவே நம் ஊர் முகநூல் குழுவில் இதை என் பெயர் போடாமல் பதிவிடுகிறேன்.